மோரோடு விழுங்கிய மாத்திரை

இன்று காலை, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்ட மோரின் வாசனை மூக்கருகே வந்ததும் எனக்கு உம் மேல் பொல்லாத கோபம் வந்தது. உம்மிடம் காட்ட வழியில்லை. நீர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆகவே டம்ளரோடு வந்து நின்ற என் மனைவியிடம் காட்டினேன். "யாரு கேட்டா மோரு? அந்தால கொண்டு போ" என்று நான் போட்ட சத்தத்தில் பால்கனியில் இருந்த புறாக்கள் பறந்துவிட்டன.

அவள் அசரவில்லை. நாற்பது வருஷமாக என் சத்தத்தைக் கேட்டுப் பழகியவள். "மாத்திர சூடுல்லா? வயிறு எரியுமேன்னு கொண்டாந்தேன். அதுக்கு எதுக்கு இந்தக் கத்து கத்துதீங்க? அண்ணாச்சியா இருந்தா இந்நேரம் ரெண்டு டம்ளர் குடிச்சிருப்பாக" என்றாள்.

அண்ணாச்சி என்று அவள் சொன்னது உம்மைத்தான். வாஸ்தவம், நீர் குடித்திருப்பீர். குடிக்கவும் செய்தீர். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எனக்கு என்ன கேடு என்று கேட்பீர். உமக்கு வந்ததேதான். நீர்க்கடுப்பு, முதுகுப் பக்கம் ஒரு வலி, குளிர்க்காய்ச்சல். இந்த வயதில் வருவதுதான் என்று சொல்லி, சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, டாக்டர் ஏழு நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதினார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இன்று நான்காம் நாள். உமக்குக் கொடுத்தார்களே, அதே வகை மாத்திரை. கடைக்காரர் அட்டையை நீட்டியபோது அதை வாங்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னால் நின்றவர் "தாதா, எடுத்துக்கிட்டு நகருங்க" என்று வங்காளியில் அண்ணன் முறை வைத்துச் சொன்ன பிறகுதான் கையை நீட்டினேன்.

"சரி, வேண்டாம்னா விடுங்க. பௌதிக்குக் கொண்டு போறேன்" என்று மனைவி பிளாஸ்க்கைக் கழுவ ஆரம்பித்தாள். கீழ்வீட்டு அம்மாளைச் சொல்கிறாள். அண்ணி என்கிற அர்த்தத்தில் இந்தக் குடியிருப்பே அவரைப் பௌதி என்றுதானே கூப்பிடுகிறது. "அவங்களுக்கும் இதே நோக்காடுதான், இதே மாத்திரதான். மூணு நாளா போடுதாங்க, காய்ச்சல் எறங்கலையாம். நம்ம மோரு குடிச்சா மட்டும் கொஞ்சம் எதமா இருக்குன்னாங்க. நேத்தும் குடுத்தேன், முந்தா நேத்தும் குடுத்தேன்."

அவள் பிளாஸ்க்கில் வெந்நீரை ஊற்றிக் குலுக்கிக்கொண்டிருந்தாள். அவளைத் தடுக்க வேண்டுமானால் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வருஷமாக நான் அவளிடம் சொல்லாத விஷயம் அது. நீர் நினைவில்லாமல் கிடந்த நாளில் தொடங்கியது, ஆகவே உமக்கும் தெரிந்திருக்காது. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் உம்மிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

அன்றைக்கு டாக்டரிடம் ஏன்வே அப்படிச் சொன்னீர்?

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பஜார் மருந்துக்கடைக்குப் பின்னால், பச்சைத் திரை போட்ட சின்ன அறை. வெளியே பெஞ்சில் இடமில்லாமல் ஆட்கள் மழையில் நனைந்த குடையோடு நின்றார்கள். அந்த அவசரத்திலும் அந்த டாக்டர் கேட்க வேண்டியதைக் கேட்டார். முன்பு எந்த மாத்திரையாவது சேராமல் உடம்பு தடித்ததா என்று கேட்டார், இல்லை என்றீர். சர்க்கரை உண்டா என்றார், உண்டு என்று மாத்திரைப் பெயரையும் சொன்னீர். பிறகு, "ஆர் கிச்சு கான்?" என்றார். இது தவிர வேறு ஏதாவது சாப்பிடுகிறீரா என்று. நீர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, துறைமுக வேலையில் கற்றுக்கொண்ட உம்முடைய வங்காளியில், "கிச்சு நா, டாக்டர்பாபு" என்றீர். ஒன்றுமில்லையாம்.

ஒன்றுமில்லையா? உம் சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் பாட்டிலுக்கும் உப்பு டப்பாவுக்கும் நடுவில் ரோஸ் நிறத்தில் ஒரு பெரிய பாட்டில் நின்றதே, அது என்ன? காலையில் பல் தேய்த்ததும் இரண்டு மூடி, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் இரண்டு மூடி, பூஜை நாளில் பந்தல் பந்தலாகச் சுற்றி ரோல் தின்றுவிட்டு வந்தால் கணக்கில்லாத மூடி. முழங்காலுக்கென்று தினமும் விழுங்கிய கால்சியம் மாத்திரை என்ன? அதுவும் ஒன்றுமில்லையா?

வெளியே வந்ததும் நான் கேட்டேன். "ஏன்வே, அந்த ரோஸ் மருந்தச் சொல்லலியே?"

நீர் குடையை விரித்துக்கொண்டே சிரித்தீர். "அது மருந்தாவே? இனிக்கில்லா செய்யுது. இனிக்கிற எளவு எங்கயாவது மருந்தாகுமா? இந்த ஊருல அது குடிதண்ணி மாதிரி."

நானும் சிரித்தேன். ஏனென்றால் நீர் சொன்னது இந்த ஊரைப் பொறுத்தவரை உண்மை. இங்கே யாரும் அதை மருந்தாக நினைப்பதில்லை. நாம் ஊரில் ஒருவரைப் பார்த்ததும் "சாப்பிட்டாச்சா" என்று கேட்கிற மாதிரி, இங்கே "அம்பல் எப்படி இருக்கிறது" என்று புளித்த ஏப்பத்தை விசாரிப்பார்கள். உமக்கு அந்தப் பாட்டிலை முதன்முதலில் அறிமுகம் செய்துவைத்தவரே பௌதிதான். உம் மனைவி காலமாகி, நீர் ஹோட்டல் சாப்பாடு சாப்பிட்டு நெஞ்செரிச்சலோடு திரிந்த நாளில், "எந்த மாத்திரை போட்டாலும் முதலில் இதில் இரண்டு மூடி குடியும், வயிறு கெடாது" என்று தன் வீட்டுப் பாட்டிலையே கொடுத்தனுப்பினார். அக்கறையாகத்தான் கொடுத்தார். இந்தக் கதையில் எல்லோரும் அக்கறையாகத்தான் செய்திருக்கிறோம், அதுதான் என்னை இன்னும் ஆத்திரப்படுத்துகிறது.

டாக்டர் கடைசியாக ஒன்று சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? ஒரு முழு கிளாஸ் தண்ணீரோடு போட வேண்டும், மூன்று நாளில் காய்ச்சல் இறங்காவிட்டால் திரும்ப வர வேண்டும், இறங்கினாலும் எழுதிக்கொடுத்த நாள் வரைக்கும் போட வேண்டும். மூன்றே விஷயம். கடையில் இருந்தவரோ மாத்திரை அட்டையில் பேனாவால் இரண்டு கோடு கிழித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பிஸ்கட் பாக்கெட் விற்பவர்கூட அதிகம் பேசுவார்.

மறுநாள் காலை நான் மோர் பிளாஸ்க்கோடு உம் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அது நம்மவர்கள் வழக்கம். வீட்டில் யாராவது இங்கிலீஷ் மருந்து சாப்பிட ஆரம்பித்தால் உடம்பு சூடாகிவிடும் என்று மோரையோ இளநீரையோ எடுத்து நீட்டிவிடுவோம். என் மனைவி ஊரைவிட்டு வந்து எத்தனை வருஷமானாலும் அதை மட்டும் விடவில்லை. அவள் கை மோருக்கு இந்த பிளாக் முழுக்கப் பெயர். வங்காளிக்காரர்களே, சர்க்கரை போடாத மோரா என்று முதலில் முகம் சுளித்துவிட்டுப் பிறகு கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு அம்பல் பயம், நமக்குச் சூட்டுப் பயம். நீர் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டீர். முதலில் ரோஸ் மருந்து இரண்டு மூடி. பிறகு மாத்திரையை வாயில் போட்டு, என் பிளாஸ்க்கிலிருந்து ஒரு டம்ளர் மோர். அதோடு கால்சியம் மாத்திரையையும் தள்ளிவிடுவீர், மறந்துபோகாமல் இருக்க.

"டாக்டர் தண்ணின்னுல்லா சொன்னாரு?" என்று நான் ஒரு நாள் கேட்டேன். ஒரே ஒரு நாள்.

"மோருலயும் முக்காவாசி தண்ணிதானவே" என்றீர். உம்மோடு பேசி ஜெயித்தவர்கள் யார் இருக்கிறார்கள்?

நீர் எனக்கு அறிமுகமானதே ஒரு சண்டையில்தான். நான் மாற்றலாகி இந்த ஊருக்கு வந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. உல்டாடாங்கா ஆட்டோ வரிசையில் நின்றிருக்கிறேன், முன்னால் ஒரு மனிதர் டிரைவரிடம் வங்காளியில் சட்டம் பேசிக்கொண்டிருக்கிறார். வாதத்தில் தோற்கிற மாதிரி வந்ததும் "எளவெடுத்த பய" என்று வாயில் வந்தது பாரும், திருநெல்வேலி ஜங்ஷனில் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு. அப்படியே தோளைத் தொட்டு, "எந்த ஊருவே நீரு?" என்று கேட்டேன். அன்றைக்குப் பிடித்த பேச்சு. உமக்கும் இதே குடியிருப்பில் வீடு என்று தெரிந்ததும் நான் பட்ட சந்தோஷத்தை என் கல்யாணத்தன்றுகூடப் படவில்லை என்று மனைவி சொல்லிக் காட்டுவாள். எத்தனை காலை நடை, எத்தனை தேர்தல், எத்தனை பூஜை. உம் மனைவி போன பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான் என்று ஆயிற்று. என்னிடம் கேட்காமலே என் வீட்டுச் சட்டங்களைத் திருத்துகிற அளவுக்கு உரிமை எடுத்துக்கொண்டீர். அந்த உரிமையில் பத்தில் ஒரு பங்கை நான் உம்மிடம் எடுத்திருந்தால், அந்த டம்ளரைக் கையிலிருந்து பிடுங்கியிருப்பேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இருந்தது. நாலாம் நாளும் இருந்தது. டாக்டர் வரச் சொன்னாரே என்றேன். "சூடுவே. மாத்திரச் சூடு ஒடம்ப இழுக்கு. தங்கச்சிட்ட சொல்லி நாளைக்கு ரெண்டு பிளாஸ்க்கா கொண்டாரும்" என்றீர். கொண்டு வந்தேன்வே. இரண்டு கையிலும் இரண்டு பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு, படியில் வழுக்கிவிடாமல், அவ்வளவு ஜாக்கிரதையாகக் கொண்டு வந்தேன். ஐந்தாம் நாள் காய்ச்சல் மாத்திரை போட்டுச் சற்று வியர்த்ததும், "விட்டுட்டுது. இனி அந்தச் சூட்டு மாத்திர எதுக்கு?" என்று மிச்சத்தை அட்டையோடு மேசை டிராயரில் போட்டீர். அடுத்த தடவைக்கு ஆகுமாம். ஏழாம் நாள் மத்தியானம் உம் பல் கடகடவென்று அடிக்கிற சத்தம் எனக்கு வாசலிலேயே கேட்டது. மூன்று போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது. என்னைப் பார்த்து, "யாரு?" என்று கேட்டீர்.

மருத்துவமனையில் உம்மை உள்ளே கொண்டுபோன பிறகு ஒரு சின்ன வயது டாக்டர் அம்மாள் வந்து என்னை உட்கார வைத்து விசாரித்தாள். எத்தனை நாள் மாத்திரை போட்டார், வேளை தவறியதா, எதோடு போட்டார். எதோடு என்று கேட்டதும் எனக்குப் பெருமையாக இருந்தது வே, அதை உம்மிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. "வீட்டில் செய்த மோர். நானே தினமும் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலில் வயிற்றுக்கு ரோஸ் மருந்தும் குடித்துவிடுவார்" என்று ஒரு நல்ல பிள்ளை மாதிரி ஒப்பித்தேன்.

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். குரலை உயர்த்தவில்லை, குற்றம் சொல்லவுமில்லை. எல்லா ஆன்டிபயாடிக்குக்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது, இந்த வகைக்கு உண்டு என்று விளக்கினாள். பால், தயிர், மோர், கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை, அமிலத்தைத் தணிக்கிற அந்த ரோஸ் மருந்து, எல்லாமே வயிற்றுக்குள் இந்த மாத்திரையைப் பிடித்துக்கொள்ளுமாம், ரத்தத்தில் சேர விடாதாம். தினமும் இரண்டு வேளை விழுங்கியும் உம் உடம்புக்குள் உருப்படியாகப் போனது கொஞ்சம்தான். கிருமி சாகிற அளவுக்கு மருந்து சேரவில்லை. முரண்டு பிடித்து நிற்கிற கிருமி வளர வசதியாகத்தான் இருந்திருக்கும். அதற்குள் நீர் நிறுத்தியும் விட்டீர்.

"இது மட்டும்தான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது" என்றாள். "சர்க்கரை இருக்கிறது, தாமதமாக வந்திருக்கிறார். ஆனால் முதல் டாக்டருக்கு இது தெரிந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்." நான் தலையாட்டினேன். பாத்ரூம் போகிற மாதிரி போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நான்கு நாள் கிடந்தீர். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, பிறகு சிறுநீரகம், பிறகு எல்லாம். புனேயிலிருந்து உம் மகன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், நீங்க பக்கத்துல இருந்ததாலதான் நான் அங்க நிம்மதியா இருந்தேன்" என்றான். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. வந்தவர்கள் எல்லோரும், கஷ்டப்படாமல் போய்விட்டார், கொடுத்து வைத்தவர் என்று சொன்னார்கள். யார் கொடுத்து வைத்தவர்? நாலு நாள் மூச்சுக்கு அல்லாடியவரா? ஒரு கிளாஸ் தண்ணீரில் முடிந்திருக்க வேண்டிய காரியம். குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீர். அவர்கள் எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும் போல இருந்தது. தள்ளவில்லை. டீ கொடுத்தேன்.

என் மனைவிதான் அதிகம் அழுதவள். அழுதுகொண்டே வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றைச் சொன்னாள். "கடைசியில அண்ணாச்சிக்கு வேற ஒண்ணும் எறங்கலை. என் கை மோருதான் எறங்கிச்சு. அந்த மட்டும் எனக்கு ஒரு திருப்தி." அந்தத் திருப்தியைப் பிடுங்குகிற வாய் எனக்கு வருமா, நீரே சொல்லும். அன்றைக்குச் சொல்லவில்லை. பதினாறு கழியட்டும் என்று நினைத்தேன். பிறகு வருஷம் கழியட்டும் என்று நினைத்தேன். பிறகு, இனிச் சொல்லி என்ன என்று ஆகிவிட்டது.

சொல்லாமல் இருக்கிற கெட்டிக்காரத்தனத்தை இந்த முறை டாக்டரிடம் மட்டும் நான் காட்டவில்லை. வேறு ஏதாவது சாப்பிடுகிறீரா என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் பையை மேசையில் கவிழ்த்தேன். ரத்த அழுத்த மாத்திரை, கால்சியம், ரோஸ் பாட்டில், மனைவி கஷாயம் வைக்கிற பொடி, எல்லாம். டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்தாலும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ரோஸ் பாட்டிலையும் கால்சியத்தையும் இந்த ஏழு நாளும் ஓரம் கட்டச் சொன்னார். மாத்திரையைப் பச்சைத் தண்ணீரில்தான் போட வேண்டும், மோர் ஆசையாக இருந்தால் மத்தியானம், இரண்டு வேளைக்கும் நடுவில், நெருங்காமல். ஒரு வேளை மறந்துபோனால் நினைவு வந்ததும் போடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. குதிகாலுக்கு மேலே நரம்பு வலித்தாலோ, உடம்பு தடித்தாலோ, மூச்சு முட்டினாலோ அடுத்த மாத்திரையைப் போடாமல் அப்போதே வர வேண்டும். எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டேன். எழுதி வாங்கியதை மனைவியிடம் காட்டாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மூன்று நாளாக அவள் கோயிலுக்கோ கடைக்கோ போகிற நேரம் பார்த்து மாத்திரை போட்டேன். இன்று அவள் எங்கேயும் போகவில்லை, அவ்வளவுதான்.

இனி இன்று காலைக்கு, எங்கள் வீட்டு வாசலுக்குத் திரும்பி வருகிறேன்.

மனைவி பிளாஸ்க்கை நிரப்பி, செருப்பைப் போட்டுக்கொண்டு, தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டாள். "கொண்டு போகாதே" என்றேன். ஏன் என்றாள். "அந்த மாத்திரைக்கு மோர் ஆகாது. மருந்த ஒடம்புல சேர விடாது."

"யாரு சொன்னா?"

"டாக்டரு."

"இப்பவா சொன்னாரு?"

இப்போதுதான் சொன்னார் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பௌதியும் பிழைத்துக்கொள்வார், இவளுக்கும் ஒன்றும் தெரியாது. அந்தப் பொய் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நீர் டாக்டர் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தீரே, அந்தக் கோலம் கண்முன் வந்து தொலைத்தது. "அண்ணாச்சி ஆஸ்பத்திரியில கெடக்கும்போதே சொன்னாங்க" என்றேன்.

அவள் பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். அழப்போகிறாள் என்று நான் பக்கத்தில் போனேன். அவள் அழவில்லை.

"ரெண்டு வருஷமா தெரியுமா ஒங்களுக்கு?"

"ஒன் மனசு நோகுமேன்னுதான்…"

"என் மனசு நோகும்னு." அவள் குரல் அப்படி வறண்டு நான் கேட்டதில்லை. "போன மழைக்கு மாடி வீட்டு அக்காவுக்கு மாத்திர போட்டப்ப மோரு கொண்டு போனேன். பாத்துக்கிட்டுதான இருந்தீங்க? இந்த பிளாக்குல யாரு படுத்தாலும் பிளாஸ்க்கத் தூக்கிட்டு ஓடுதேன், பாத்துக்கிட்டுதான இருந்தீங்க? என் மனசு நோகக் கூடாதுன்னு அடுத்தவங்க ஒடம்ப நோக விட்டீங்களோ?"

அது வேறு மாத்திரையாக இருக்கும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் என்பதை அவளிடம் சொன்னேன். "கேட்டீங்களா, என்ன மாத்திரன்னு?" என்றாள். கேட்கவில்லை.

பிளாஸ்க்கை அங்கேயே விட்டுவிட்டு அவள் இறங்கிப் போனாள். நான் படியில் நின்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் அவளுக்கு வங்காளி சரியாக வரவில்லை என்று நீர் கேலி செய்வீர். காய்கறிக்காரரிடம் பேசுகிற அந்தப் பத்து வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரையோடு மோர் கூடாது, ரோஸ் மருந்து கூடாது, மூன்று நாளாக மருந்து உங்களுக்குச் சரியாகச் சேர்ந்திருக்காது, இப்போதே டாக்டரைப் பார்க்க வேண்டும், நானும் வருகிறேன். பிறகு, எங்கள் அண்ணாச்சிக்கும் நான்தான் மோர் கொடுத்தேன் என்றாள். நான் இரண்டு வருஷம் மூடி வைத்ததை, கதவு திறந்திருக்க, பிளாக் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். "ஆமி ஜான்தாம் நா, பௌதி" என்றாள். எனக்குத் தெரியாது பௌதி. அதை மட்டும் மூன்று தடவை சொன்னாள்.

பௌதி, "உனக்கு எப்படித் தெரியும், என்னிடமும் டாக்டர் வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார், நானும் பாட்டிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே" என்று அவளைத் தேற்றிக்கொண்டிருந்தது கேட்டது. நான் இறங்கிப் போனேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்று பௌதியிடம் சொன்னேன். அந்த அம்மாள் காய்ச்சல் கண்ணோடு என்னைப் பார்த்தார். என் மனைவி அவருக்குச் செருப்பை எடுத்துப் போட்டு, மாத்திரை அட்டையையும் ரோஸ் பாட்டிலையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, ரிக்‌ஷா பிடித்துப் போனாள்.

மத்தியானம் திரும்பி வந்தார்கள். புதிதாகச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறார்கள், ஊசி போட்டிருக்கிறார்கள், நாளைக்கும் போக வேண்டும். இதைக்கூட என் மனைவி என்னிடம் சொல்லவில்லை. போனில் யாரிடமோ சொல்லும்போது கேட்டேன். சோறு மட்டும் வைத்தாள். சாயங்கால மாத்திரையை அவள் கண் முன்னாலேயே ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்கினேன். காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனாலும் இன்னும் மூன்று நாள் இருக்கிறது. போடுவேன்.

உம்மைத் திட்டத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். திட்டியும் விட்டேன், நீர் அதற்கு லாயக்கான ஆள்தான். ஆனால் இரண்டு வருஷமாக உம்மை நினைக்கும்போதெல்லாம் வந்த கோபம் இன்றைக்கு மத்தியானத்திலிருந்து வரமாட்டேன் என்கிறது. நீர் தெரியாமல் செய்தீர், உம்மோடு போயிற்று. நான் தெரிந்து செய்தேன். அடுத்த அறையில் அவள் மாடி வீட்டு அக்காவை போனில் கூப்பிட்டு, போன மழையில் போட்ட மாத்திரையின் பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.